குலுங்காமல் எழுந்த கைகள்

ரீட்மான் நண்பர்கள் சங்கத்தில் சேர ஒருவரிடம் ரீட்மான் கார் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் காரின் கியர்பாக்ஸில் இரட்டைக் கிளட்ச் இருக்க வேண்டும். அது இருப்பதில் அவருக்குப் பெருமை இருக்க வேண்டும். அந்தப் பெருமையை மாதத்தின் முதல் ஞாயிறு, காபிக்கும் கேக்குக்கும் நடுவில், எழுந்து நின்று சொல்லத் தெரிய வேண்டும். அடெனாவ் ஊரில் புகைபோக்கி துடைக்கும் ஜெரோல்ட் டேலனுக்கு முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதில்தான் தகராறு.

ஜெரோல்டுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கறுப்பு உடுப்பும் உயரத் தொப்பியுமாக அவர் தெருவில் போனால் ஜனங்கள், புகைபோக்கிக்காரரைத் தொட்டால் ராசி என்று, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கூரை உச்சியில் நின்று வேலை செய்கிறவர் ஆதலால் கோபப்படுவதை விபத்துக்கான காரணங்களில் ஒன்றாகவே அவர் கருதி வந்தார். பல வருஷ ஆசைக்குப் பிறகு, கொலோன் நகரத்துக்காரர் ஒருவர் ஓட்டி முடித்த கரும்பச்சை ரீட்மான் ஒன்றை வாங்கினார். அதன் ஸ்டீயரிங்கைத் தொடுமுன் நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். அவரைச் சங்கத்துக்கு அழைத்துப் போனது தங்கை ரோஸ்விதாவின் கணவர், கசாப்புக் கடை ஓட்மார் கிரிங்ஸ்.

சங்கத்தார் சாலையில் எதிர்ப்பட்டால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். இரண்டு விரல், இரண்டு கிளட்ச். சங்க விதிகளின் நான்காம் பிரிவு தெளிவாகச் சொல்லியது: ‘ஸ்போர்ட்ஸ் கார் என்பது இரட்டைக் கிளட்ச் உள்ளது. மற்றவை போக்குவரத்து.’

தலைவர் டாக்டர் ஃபோல்க்ஹார்ட் எம்மரிக் பல்வரிசை திருத்தும் மருத்துவர். கோணலாக இருப்பதைக் கம்பி போட்டு நேராக்கும் பழக்கம் அவருக்கு வாயோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும், ஊருக்கு வெளியே மலைச் சாலையில் இருந்த ‘சிவப்புச் சேவல்’ விடுதியின் பின்னறையில் அவர் எழுந்து நின்று பேசுவார்.

“ஆட்டோமேட்டிக்ல என்ன இருக்கு நண்பர்களே? எண்ணெய்! என்ஜின் ஒரு பக்கம் சுத்துது, சக்கரம் ஒரு பக்கம் சுத்துது, நடுவுல எண்ணெய் உக்காந்து சமரசம் பேசுது. நமக்குச் சமரசம் வேணுமா?”

“வேண்டாம்!” என்று அறை அதிரும்.

“நம்ம பெட்டியில ரெண்டு கிளட்ச். ஒண்ணு இந்த கியரைப் பிடிச்சிருக்கும்போதே இன்னொண்ணு அடுத்த கியரைத் தயாரா வச்சிருக்கு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாறிடும். மெதுவாப் போறப்ப ஒரு சின்னக் குலுக்கல் வரும் பாருங்க, அது குலுக்கல் இல்ல. கார் நம்மளைப் பேர் சொல்லிக் கூப்பிடுது!”

ஜெரோல்ட் மறுநாளே ரொட்டிக் கடைத் தெருவில் காரை ஊர்ந்து போகவிட்டுக் கவனித்துப் பார்த்தார். கார் அவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தன் மேல்தான் குறை என்று எண்ணிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் டாக்டர் “உங்களைக் கூப்பிட்டுதா ஜெரோல்ட்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டபோது, “ரெண்டு தடவை” என்று சொல்லிவிட்டார். கைதட்டினார்கள்.

அந்த ஜூலையில் ஓட்மார் புதுக் கார் வாங்கினார். அதுவும் ரீட்மான்தான். ஆனால் நீண்ட பயணத்துக்கென்று கம்பெனி தனியாகச் செய்த மாடல், உள்ளே ஆட்டோமேட்டிக்.

“ஏறு மச்சான், ஹோஹே ஆஹ்ட் மலை உச்சி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கார் வளைவு வளைவாக ஏறியது. ஜெரோல்ட் பாதி வழியில் கண்ணயர்ந்துவிட்டார்.

“என்ன மச்சான், தூங்கிட்டியா?”

“நேத்து நாலு கூரை மாப்ள.”

“சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாத.”

ஜெரோல்ட் சொல்லவில்லை. ஆனால் அடெனாவ் போன்ற ஊரில் ஒரு கார் மலை ஏறி இறங்குவதற்குள் செய்தி இறங்கிவிடும். அடுத்த வாரமே பின்னறையில் பச்சைத் துணி விரித்த மேசை போட்டு, மணி வைத்து, விசாரணை கூட்டினார்கள். ஜெரோல்ட் சாட்சி. டாக்டர் எம்மரிக் அவரை முன்கூட்டியே ஓரமாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

“பயப்படாதீங்க ஜெரோல்ட். ஒரு சின்னக் கண்டிப்போட விட்டுடுவோம். நீங்க உண்மையை மட்டும் சொல்லுங்க. உண்மைதான் உங்க மாப்பிள்ளையைக் காப்பாத்தும்.”

செயலாளர் திருமதி பவுலி கேள்வி கேட்டார். ஓய்வுபெற்ற வரி அதிகாரி. யாரிடம் பேசினாலும் எதிரில் இருப்பவர் எதையோ மறைக்கிறார் என்ற அனுமானத்தோடு தொடங்குவார்.

“அந்த வண்டியில ஏறினீங்களா?”

“ஏறினேன்.”

“மலை ஏறும்போது குலுங்குச்சா?”

“இல்லைங்க.”

“கியர் மாறினது தெரிஞ்சுதா?”

“எனக்கு எதுவுமே தெரியலைங்க. எனக்கு எப்பவுமே…”

“தெரியவே இல்லை” என்று திருமதி பவுலி எழுதிக்கொண்டார். “சொகமா இருந்துதா?”

ஜெரோல்ட் ஓட்மாரைப் பார்த்தார். உண்மை காப்பாற்றும் என்பது நினைவுக்கு வந்தது. “வெளியில மழை. உள்ள இதமா இருந்துது.”

டாக்டர் எம்மரிக் கண்களை மூடிக்கொண்டார். “இதமா” என்றார் மெல்ல. “ஒரு ரீட்மான்ல. இதமா.”

ஓட்மார் எழுந்தார். “டாக்டர், எனக்கு இடுப்புல முதுகெலும்புத் தட்டு நழுவியிருக்கு. நெரிசல்ல அந்த ரெண்டு கிளட்ச்சும் வெட்டி வெட்டி இழுத்தா உயிர் போகுது. இந்த எண்ணெய் சமாச்சாரம் சத்தமில்லாம தள்ளிக்கிட்டுப் போகுது. அதுக்காக வாங்கினேன். இதுல என்ன குத்தம்?”

“உங்க முதுகு மேல எங்களுக்கு முழு அனுதாபம் உண்டு” என்றார் டாக்டர். “ஆனா உங்க முதுகு இந்தச் சங்கத்தோட உறுப்பினர் இல்ல.”

ஓட்மாரை நீக்கினார்கள். காரின் பின்புறத்தில் திருகியிருந்த சங்கத் தகட்டைச் சாட்சிதான் கழற்ற வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகத் திருமதி பவுலி கண்டுபிடித்தார். மழையில் ஜெரோல்ட் குந்தி உட்கார்ந்து திருகாணியைத் திருகினார். ஓட்மார் அவர் தலைக்கு மேல் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “பெயின்ட்ல கீறல் விழாம கழட்டு.” மச்சான் என்ற சொல் அதில் இல்லை.

சனிக்கிழமை ரோஸ்விதா போன் செய்தாள்.

“அண்ணே, நாளைக்கு மத்தியானம் வந்துடாத. உருளைக்கிழங்கு அடை அளவாத்தான் பண்றேன்.”

“ரோஸி, டாக்டர் சொன்னாரு, கண்டிப்போட விட்டுடறேன்னு…”

“அப்ப டாக்டர் வீட்டுல போய்ச் சாப்பிடு” என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெரோல்ட் பெட்ரோல் பங்கில் ரொட்டிக்குள் சாஸேஜ் வைத்துத் தின்றார். கொள்கைக்காகத்தானே என்று தேற்றிக்கொண்டார். எது அந்தக் கொள்கை என்று தன் காரில் தேடித் தேடிப் பார்த்தார். மலை ஏறினார், இறங்கினார். கார் ஓடியது. அவ்வளவுதான்.

இலையுதிர்காலத்தில் ரீட்மான் கம்பெனியிலிருந்து ஸால்ஃபிராங்க் என்ற அதிகாரி வந்தார். டை கட்டாமல் விலையுயர்ந்த கோட்டு. காலில் வெள்ளை ரப்பர் ஷூ. சங்கத்தார் இரண்டு விரலைத் தூக்கி வரவேற்றார்கள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி மேடை ஏறினார்.

“நண்பர்களே, அடுத்த வருஷத்துலேருந்து நம்ம எல்லா மாடலும் ஆட்டோமேட்டிக்தான். இதனால நாங்க இரட்டைக் கிளட்ச்சைக் கைவிட்டுட்டோம்னு யாரும் நினைக்கக் கூடாது. நாங்க அதுக்கு ஓய்வு குடுத்திருக்கோம். வாடிக்கையாளர்கிட்ட கேட்டோம். அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாலயே புரிஞ்சுக்கிட்டோம். புதுப் பெட்டி எந்த இழுவையையும் தாங்கும், அவ்வளவு வேகம், அவ்வளவு மென்மை. மென்மை கொஞ்சம் அதிகமாயிடுச்சோன்னு எங்களுக்கே ஒரு பயம். அதனால ஒரு பொத்தான் வச்சிருக்கோம். அதை அழுத்தினா, குலுங்கும்.”

டாக்டர் எம்மரிக் எழுந்தார். இந்த மனிதனை அவர் கிழிக்கப்போகிறார் என்று ஜெரோல்ட் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“எண்ணெய்!” என்றார் டாக்டர். “இதைத்தானே நான் இத்தனை வருஷமா சொல்லிட்டு வர்றேன்? என்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், நடுவுல சமரசம். நாகரிகம்னா என்ன நண்பர்களே? சமரசம்தானே? அதை இதுக்கு முன்னால இருந்த வெட்டுக்குத்துப் பெட்டி நமக்குக் குடுத்துதா?”

“இல்லை!” என்று அறை அதிர்ந்தது.

ஜெரோல்ட் சுற்றிப் பார்த்தார். அதே முகங்கள்தான். அதே கேக்தான்.

டாக்டர் எம்மரிக் அந்தப் புதுக் காருக்கு ஜூன் மாதமே முன்பதிவு செய்திருந்தார் என்பது பிறகு வெளியானது. ஓட்மாரை விசாரித்தது ஜூலையில். இதைப் பற்றிக் கேட்டவர்களிடம், “ஜூன்ல நான் தனிமனுஷனா முன்பதிவு பண்ணேன். ஜூலையில தலைவரா விசாரிச்சேன். ரெண்டையும் குழப்பிக்கறதுதான் ஊழல்” என்றார். கேட்டவர்கள் வெட்கப்பட்டார்கள்.

நான்காம் பிரிவைத் திருத்த வேண்டாமா என்றதற்குத் திருமதி பவுலி தேவையில்லை என்றார். “‘இரட்டை’ன்னா காரும் ஓட்டறவரும். ரெண்டு பேர். இதுல ஆட்டோமேட்டிக்குக்கு என்ன தடை? விதி அப்படியேதான் இருக்கு. வாசிச்சவங்கதான் அவசரப்பட்டுட்டாங்க.” வணக்கம் மட்டும் மாறியது. இனி இரண்டு விரல் கிடையாது. உள்ளங்கையை விரித்து, எண்ணெய் வழிகிற மாதிரி, குலுங்காமல் மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். ஒரு மாலை முழுக்க வரிசையாக நின்று பழகினார்கள். ஜெரோல்டின் கை நடுவழியில் இரண்டு தடவை வெட்டியது.

“அப்ப ஓட்மார்…?” என்று அவர் பழக்கத்துக்கு நடுவே கேட்டார்.

“எந்த ஓட்மார்?” என்றார் டாக்டர்.

வசந்தகாலத்தில் ‘உணர்வு நாள்’ என்று ஒன்று நடத்தினார்கள். உறுப்பினர்களின் கண்ணைக் கட்டிப் பழைய காரிலும் புதிய காரிலும் மாறி மாறி உட்கார வைத்து, மென்மையானது எது, முரட்டுத்தனமானது எது என்று சொல்லச் செய்ய வேண்டும். முரடு என்பது பழையது என்று உலகுக்கு நிரூபணமாகிவிடும். கம்பெனி ஓட்டுநர்தான் ஓட்டினார். உறுப்பினர்களில் ஒருவரான நோட்டரி வாந்தி எடுத்தார். டாக்டர் எம்மரிக் முதல் காரில் இருந்து இறங்கி, கட்டு அவிழ்க்காமலே, “பட்டு! இதுதான் எதிர்காலம்!” என்று கூவினார். இரண்டாவது காரில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, “காட்டுமிராண்டித்தனம். இதையா நாம ஓட்டிக்கிட்டிருந்தோம்?” என்றார். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

கட்டை அவிழ்த்தார்கள். அவர்கள் பட்டு என்று சொன்னது பழைய இரட்டைக் கிளட்ச். நல்ல தார்ச் சாலையில் நிதானமாகப் போயிருக்கிறது. காட்டுமிராண்டி புது ஆட்டோமேட்டிக். ஓட்டுநர் அந்தப் பொத்தானை அழுத்தி வைத்திருந்தார்.

“சோதனை மாபெரும் வெற்றி” என்றார் டாக்டர் எம்மரிக், துளியும் தாமதமின்றி. “இத்தனை அனுபவசாலிகளை ஏமாத்தற அளவுக்கு ஒரு கியர்பாக்ஸ் முன்னேறியிருக்குன்னா, அது எப்பேர்ப்பட்ட கியர்பாக்ஸா இருக்கணும்!”

ஜெரோல்டைக் கேட்டபோது, “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருந்துது” என்றார். சரியான பதிலுக்கு மிக அருகில் வந்தவர் அவர் ஒருவர்தான். திருமதி பவுலி அதை ‘ஒத்துழைக்க மறுத்தார்’ என்று பதிந்துகொண்டார். அடுத்த கூட்டத்திலிருந்து பழைய பெட்டி உள்ள கார்களை விடுதிக்குப் பின்னால், காலி பாட்டில் போடும் தொட்டிகளுக்கு அருகில் நிறுத்தச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கார் மாற்றினார்கள். கடைசியில் அங்கே கரும்பச்சை ஒன்று மட்டும் நின்றது.

கோடை விழாவுக்குக் கம்பெனி தன் படப்பிடிப்பு ஆட்களை அனுப்புவதாக இருந்தது. “உங்க சங்கத்துல முதமுதல்ல ஆட்டோமேட்டிக் வாங்கின முன்னோடி யாரு?” என்று ஸால்ஃபிராங்க் கேட்டிருந்தார். டாக்டர் எம்மரிக்கே தேடிக்கொண்டு ஜெரோல்ட் வீட்டுக்கு வந்தார்.

“நம்ம ஓட்மாரைக் கூட்டிட்டு வாங்க ஜெரோல்ட். அவர் இல்லாம சங்கமே வெறிச்சோடிக் கிடக்கு. தங்கச் சின்னம் குத்தி, போன வருஷம் நடந்தது தப்புன்னு மேடையிலயே சொல்லப்போறோம். நீங்க கூப்பிட்டாத்தான் வருவார்.”

ஜெரோல்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக, எல்லாம் வழிக்கு வந்துவிட்டது. அன்றே கசாப்புக் கடைக்கு ஓடினார். கல்லாவுக்குப் பின்னால் ரோஸ்விதா ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தும் கத்தி நிற்கவில்லை.

“என்ன வேணும், அரைக் கிலோவா, ஒரு கிலோவா?”

“மாப்பிள்ளைகிட்ட பேசணும் ரோஸி. சங்கம் திரும்பக் கூப்பிடுது. சட்டையில தங்கச் சின்னம் குத்தி மரியாதை பண்றாங்க. அவங்க பண்ணது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறாங்க.”

ஓட்மார் குளிரறையிலிருந்து வந்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ஜெரோல்டைப் பார்த்தார்.

“அந்தப் பல்லுக்காரனுக்காக வரமாட்டேன்.”

“எனக்காக வாங்க.”

“உனக்காகன்னா வர்றேன்” என்றவர், சற்றுப் பொறுத்து, “மச்சான்” என்றார்.

ரோஸ்விதா புகையூட்டிய சாஸேஜில் தடிமனாக ஒரு துண்டு வெட்டிக் கல்லாவின் மேல் அண்ணன் பக்கமாகத் தள்ளினாள். ஜெரோல்ட் அதைத் தெருவில் நின்று, கறுப்பு உடுப்போடு, சின்னச் சின்னதாகக் கடித்துத் தின்றார். யாரோ தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நன்றாகத் தொட்டுக்கொள்ளட்டும் என்று நின்றார்.

விழா நாளில் சிவப்புச் சேவலின் தோட்டம் நிறைந்திருந்தது. விருந்துக்கான சாஸேஜ் முழுவதும் ஓட்மாரின் கடையிலிருந்துதான். இனி கம்பெனியின் விழாக்கள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் என்று ஸால்ஃபிராங்க் மேடையிலேயே அறிவித்தார். ஓட்மாரின் சட்டையில் தங்கச் சின்னம் குத்தினார்கள். ஜெரோல்டுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். தனக்கும் ஏதோ நன்றி சொல்லப்போகிறார்கள் என்று தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

டாக்டர் எம்மரிக் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“போன வருஷம் இந்தச் சங்கத்துல ஒரு அநியாயம் நடந்துது. ஒரு முன்னோடியை வெளிய தள்ளினோம். ஏன்? ஒரே ஒரு ஆளோட சாட்சியால. ‘இதமா இருந்துது’ன்னு அந்த ஆள் சொன்னார், அந்த இதத்தை ஒரு குத்தமா எங்க முன்னால வச்சார். நாங்க நம்பினோம். நம்பறது எங்க பலவீனம். சொந்த மாப்பிள்ளையோட கார்லேருந்து தகட்டைத் தன் கையாலயே கழட்டினவர், இதோ, இங்கேயே உக்காந்திருக்கார்.”

எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. ஜெரோல்ட், யாரைச் சொல்கிறார்கள் என்று தாமும் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர், நீங்கதானே உண்மையைச் சொல்லச் சொன்னீங்க?” என்றார், புரிந்ததும்.

“சொன்னேன்” என்றார் டாக்டர் பரிவோடு. “உங்க மேல எனக்குக் கோபமே இல்ல ஜெரோல்ட். ஆனா ஒரு சங்கம் தன்னைத்தானே மன்னிச்சுக்கணும்னா யாராவது ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கணும் இல்லையா? ஜெரோல்டை நீக்கறதை ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்.”

கைகள் எழுந்தன. உள்ளங்கை விரித்து, குலுங்காமல், ஒரு வயல் மேல் காற்றுப் போவது போல் வரிசை வரிசையாக எழுந்தன. படம் பிடிக்கிறவர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஓட்மார் நின்றிருந்தார். சாஸேஜ் வாட்டும் அடுப்பைப் பார்த்தார். ஸால்ஃபிராங்கைப் பார்த்தார். ஜெரோல்டைப் பார்க்கவில்லை. பிறகு அவருடைய கையும், பெரிய சிவந்த கசாப்புக் கை, கொஞ்சமும் வெட்டாமல் மேலே போனது. வந்த முதல் நாளே அவ்வளவு சுத்தமாக அந்த வணக்கத்தைப் பழகியவர் வேறு யாருமில்லை.

“ஏகமனதாக” என்றார் திருமதி பவுலி. தன் காரில் இருக்கும் சங்கத் தகட்டைப் பற்றி ஜெரோல்ட் கேட்டபோது, “நீங்களே வச்சுக்கலாம். இப்ப நாங்க ஸ்டிக்கருக்கு மாறிட்டோம்” என்றார்.

பாட்டில் தொட்டிகளுக்கு அருகே ஜெரோல்ட் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓட்மார் மூச்சு வாங்க வந்தார். கையில் காகிதத் தட்டு, இரண்டு சாஸேஜ், கடுகு விழுது.

“மச்சான், சாப்பிடாமப் போறியே.”

“கை தூக்கினீங்க.”

“எல்லாரும் தூக்கினாங்க. நான் ஒருத்தன் தூக்கலைன்னா படத்துல அது மட்டும்தான் தெரியும். புரிஞ்சுக்கோ. வருஷம் பூரா ஆர்டர் மச்சான். கடையில ஆளு சேர்க்கணும்னு ரோஸி இப்பவே சொல்லிட்டா.”

“ரோஸிக்குத் தெரியுமா?”

ஓட்மார் கடுகு விழுதைப் பார்த்தார். “நேத்து ராத்திரி டாக்டர் எங்க வீட்டுக்கு வந்து பேசிட்டுத்தான் போனாரு.”

ஜெரோல்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

“ஒண்ணு சொல்றேன், வெளிய விட்டுடாத” என்று ஓட்மார் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு அந்த ஆட்டோமேட்டிக்குக்கும் ரெட்டைக் கிளட்ச்சுக்கும் வித்தியாசமே தெரியாது. இடுப்பு, தட்டுன்னெல்லாம் அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ரெட்டைக் கிளட்ச் வேணும்னா எட்டு மாசம் காத்திருக்கணும்னான். ஷோரூம்ல அது ஒண்ணு நின்னுது. நீலம். ரோஸிக்கு நீலம் பிடிக்கும்.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். ஜெரோல்ட் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடெனாவ் திரும்பும் மலைச் சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஜெரோல்ட் வேகத்தைக் குறைத்தார். கார் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு வெட்டு வெட்டியது. அவர் திடுக்கிட்டார். திரும்பவும் வெட்டியது. வயிற்றில், தோளில், பல்லில் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் எங்கே இருந்தது இது? ஏற்றத்தில் ஒரு குலுக்கல், வளைவில் ஒரு குலுக்கல். பேர் சொல்லிக் கூப்பிடுவது போலெல்லாம் இல்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலத்தான் இருந்தது.

டிராக்டர்க்காரர் கண்ணாடியில் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மரியாதையாக ஓரம் ஒதுங்கி, கையை ஆட்டி வழிவிட்டார். சாலை நேராகக் காலியாகக் கிடந்தது. ஜெரோல்ட் முந்தவில்லை. பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டும் வைக்கோல் துரும்புகளைக்கூடத் துடைக்காமல், குலுங்கிக் குலுங்கி, ஊர் வரைக்கும் அதன் பின்னாலேயே போனார்.